மாத்திரை குறைந்த வாரம்

மருந்து வாங்கப் போயிருப்பீர்கள். சீட்டைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, கவுன்டருக்குப் பின்னால் ஒரு நீள மேசையும், அதன் முன்னால் உயர ஸ்டூலில் குனிந்த தலையுமாக ஒரு பெண் தெரிவாள். நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கையுறை போட்ட விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் மருந்தாளரும் இல்லை, நர்ஸும் இல்லை. டெக்னீஷியன் என்பார்கள். மருந்தாளர் சரி என்று சொன்னதை எடுத்து, பிரித்து, அடுக்கி, பெயர் ஒட்டிக் கொடுக்கிற வேலை. அப்படி ஒருத்தியின் கதையைத்தான் சொல்ல வந்தேன், கண்ணுகளா.

வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அதே பெயர்தான். அவளுக்கும் வீடு, புருஷன், மாமியார் எல்லாம் உண்டு. இந்தக் கதையில் அவர்களுக்கு வேலை இல்லை, விட்டுவிடுவோம்.

சின்னவளின் மேசைக்கு வருகிறவை பெரும்பாலும் வாரத் தட்டுகள். வேளைக்கு நாலைந்து மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு எதைப் போட்டோம், எதை விட்டோம் என்று குழம்பிப் போகும் இல்லையா? அதற்காக மருந்தகத்திலேயே ஒரு வாரத்துக்கானதைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். குழி குழியாக இருக்கிற பிளாஸ்டிக் தட்டு. குறுக்கே கிழமைகள், நெடுக்கே காலை, மதியம், மாலை, இரவு. ஒவ்வொரு குழியிலும் அந்த வேளைக்கு உரியதைப் போட்டு, மேலே வெள்ளித்தாளை அழுத்தி ஒட்டிவிடுவாள். வீட்டில் இருக்கிறவர்கள் அந்தந்தக் குழியைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டினால் போதும்.

தட்டு மூடுவதற்கு முன்னால் மருந்தாளர் அம்மா வந்து பார்ப்பார். அவருக்கு அங்கே 'ரெண்டுதடவை' என்று பட்டப்பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் "ரெண்டு தடவை பாத்தியா?" என்பதுதான் முதல் வார்த்தை. மதியம் அவர் சாப்பிட உட்கார்ந்தால், "மேடம், ரெண்டு தடவை பாத்துக்கங்க, உங்க டப்பாதானா?" என்று மற்றப் பெண்கள் சீண்டுவார்கள். அவர் கோபித்ததே இல்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.

அந்த மேசையில் நிரம்பி வழிகிற தட்டு ஒன்று உண்டென்றால், அது சின்னவளின் அக்கா புருஷனுடைய தட்டு. மனிதர் லிப்ட் மெக்கானிக். "நான் லீவு போட்டா ஊர்ல பாதிப் பேர் மாடிப்படியில உக்காந்து முட்டியைத் தேய்ச்சுக்கிட்டு இருப்பான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். முதலில் இதயத்துக்கு என்று மாத்திரை வந்தது. பிறகு சர்க்கரைக்கு. பிறகு வயிற்றில் ஒரு கட்டி வந்து, அதற்கென்று ஒரு கூட்டமே வந்தது. அவர் தட்டை மூடும்போது சின்னவள் வெள்ளித்தாளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நிறைவு. "வா மாத்திரை மகாராணி, இந்த வாரம் என்ன விருந்து?" என்பார், அவள் தட்டோடு வீட்டுக்குப் போகும்போதெல்லாம். டெக்னீஷியன் படிப்பில் சேர அவள் தயங்கியபோது, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான்.

ஒரு நாள் அவருடைய சீட்டு மாறி வந்தது.

மேலிருந்து படித்தாள். கட்டிக்கான மாத்திரை நிறுத்தம். சரி, உடம்பு தாங்கவில்லை என்றால் கொஞ்ச காலம் நிறுத்துவார்கள், பிறகு தொடங்குவார்கள். எலும்புக்கான மாத்திரை நிறுத்தம். கொழுப்புக்கான மாத்திரை நிறுத்தம்.

அங்கே வந்ததும் அவள் விரல் நின்றுவிட்டது.

கொழுப்பு மாத்திரை இருக்கிறதே, கண்ணுகளா, அது இன்றைக்கு ஒரு வலியையும் ஆற்றுவதில்லை. இன்னும் பல வருஷம் கழித்து ரத்தக் குழாயில் வரக்கூடிய அடைப்பை இப்போதே தடுத்து வைக்கத்தான் அது. அதை நிறுத்தச் சொல்கிறார்கள் என்றால், அந்தப் பல வருஷம் இனி இல்லை என்று ஒருவர் முடிவுக்கு வந்துவிட்டார். சீட்டின் அடியில் புதிதாகக் குடிக்கிற வலி மருந்து ஒன்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து திறக்கிற பூட்டு அலமாரியில் வைத்திருக்கிற மருந்து. அதைக் குடித்தால் வயிறு கட்டிக்கொள்ளும் என்பதால், கூடவே ஒரு மலமிளக்கி.

இப்படிச் சட்டென்று இளைத்துப்போன தட்டுகளைச் சின்னவள் வேறு வீடுகளுக்குப் போட்டிருக்கிறாள். சில வாரம் போடுவாள். பிறகு அந்தப் பெயர் அவள் மேசைக்கு வராது.

மருந்தாளர் அம்மா பின்னால் வந்து நின்றார். பெயரைப் பார்த்தார்.

"நான் வேற பொண்ணுகிட்ட குடுக்கறேம்மா."

"வேணாம் மேடம். நானே போடறேன்."

அவர் சீட்டை எடுத்துப் படித்தார். பிறகு, வழக்கமான கேள்விதான், ஆனால் குரல் வேறு: "ரெண்டு தடவை பாத்தியா?"

"பாத்தேன் மேடம். ரெண்டு தடவையும் அதேதான் இருக்கு."

தட்டைப் போட்டு முடித்தாள். மதிய, மாலைக் குழிகள் எல்லாம் வெறுமை. வெள்ளித்தாள் அவற்றின் மேல் தளர்வாகக் கிடந்தது. அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லை.

சாயங்காலம் தட்டை வாங்க அக்கா வந்தாள். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. வரும்போதே வாசலில் இருந்த காவல்காரருக்கு ஒன்று, பில் போடுகிற பெண்ணுக்கு ஒன்று என்று கொடுத்துக்கொண்டே வந்தாள். கவுன்டரில் இருந்த தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடியே சின்னவளே! தட்டைப் பாத்தியா? பாதிக்குப் பாதி காலிடி!"

"பாத்தேங்க்கா."

"கை நிறைய அள்ளி முழுங்கிக்கிட்டிருந்த மனுசன். இப்ப காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. கட்டி மாத்திரையே வேணாம்னுட்டாங்க. அப்படின்னா கட்டி கரைஞ்சிருச்சுன்னுதானே?"

"டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னாரு?"

"எங்கடி, எனக்குக் குடுத்து வைக்கல. உங்க மாமா என்னை வீல்சேர் கொண்டான்னு வெளிய அனுப்பிட்டாரு. தள்ளிக்கிட்டு வந்து பாக்கறேன், அதுக்குள்ள பேசி முடிச்சுக் கைகுலுக்கிட்டு உக்காந்திருக்காரு. என்னங்கன்னு கேட்டா, மாத்திரையைக் குறைச்சுட்டாங்கடின்னு சிரிக்கறாரு. சீட்டைப் பிடுங்கிப் பாத்தேன். எனக்கு அந்த இங்கிலீஷு என்ன தெரியும்? வரி குறைஞ்சிருக்குல்ல, அது தெரியுது!"

மருந்தாளர் அம்மாவுக்கும் ஒரு பழம் கொடுத்தாள். அவர் வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உரிக்காமல் உள்ளே போய்விட்டார். அக்கா ஒன்றைத் தானே உரித்து, சுளையைப் பிய்த்துத் தங்கையின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"தின்னுடி. உன் கையாலதானே இத்தனை நாளும் போட்டே."

சின்னவள் வாயைத் திறந்தாள். பழம் நல்ல இனிப்பு.

"என் மக பாப்பாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றாள் அக்கா, தோலைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "அடுத்த வாரம் ஓடி வரேன்னு நின்னா பாவம். அவ பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம். வேணாண்டி, அப்பா தேறிட்டாரு, பிள்ளைங்களைப் பாரு, லீவு விட்டதும் நிதானமா வான்னுட்டேன்."

லீவு விட இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த மகளே கூப்பிட்டாள். தூரத்து ஊரில் டீச்சர் வேலை பார்க்கிறவள். சித்தி என்றால் உயிர்.

"சித்தி, அம்மா சொல்றது நிஜந்தானா? அம்மாவுக்கு எல்லாமே ஒண்ணு கொண்டாட்டம், இல்லாட்டி இழவு. நடுவுல ஒண்ணும் கிடையாது. நீ சொல்லு. நீதான மருந்துக்காரி. இப்பவே வரட்டுமா, லீவுக்கு வரட்டுமா?"

பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"சித்தி? கேக்குதா?"

"கேக்குதுடா. உங்கப்பாவைப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"பாத்துட்டுச் சொல்றேண்டா கண்ணு."

இப்போது சின்னவளின் இக்கட்டு உங்களுக்குப் புரிந்திருக்கும். மருந்தகத்தில் வேலைக்குச் சேரும்போதே வாங்குகிற சத்தியம் ஒன்று உண்டு. கவுன்டரில் படித்தது கவுன்டரோடு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன நோய் என்று தெரிந்தாலும், கூடப் பிறந்தவள் வீட்டில் என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தாலும், வாய் திறக்கக் கூடாது. அவள் வாய் திறக்காவிட்டால் ஒரு மகள் லீவுக்குத்தான் வருவாள்.

மறுநாள் காலை மருந்தாளர் அம்மாவிடம் போனாள். அவர் மேசை மேல் அந்த ஆரஞ்சு அப்படியே இருந்தது.

"உன்னால சொல்ல முடியாது" என்றார் அவர். "நீ நினைக்கறது தப்பாவும் இருக்கலாம், சரியாவும் இருக்கலாம். சொல்ல வேண்டிய ஆளு அவரு. அவர்கிட்டயே போயேன். அவரோட சீட்டைப் பத்தி அவர்கிட்டப் பேசறதுக்கு யாரும் உன்னைத் தடுக்க முடியாது."

போனாள்.

மூன்றாவது மாடியில் வீடு. கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். வாசலுக்கு வெளியே லிப்ட் ஏறி இறங்குகிற சத்தம் அங்கே கேட்கும் என்று மாமாவே இழுக்கச் சொன்னாராம். அக்கா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். சுருதி எல்லாம் கேட்காதீர்கள். பாடினாள்.

"என்ன மாத்திரை மகாராணி, உன் ராஜ்யத்துல பாதியைப் பிடுங்கிட்டாங்க போல?"

குரல் அதே குரல்தான். ஆனால் கழுத்து சட்டைக் காலருக்குள் தொலைந்து போயிருந்தது. அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே பார்த்துக் கத்தினார். "ஏய், கீழ போய் வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு வா. லிப்ட் கதவு ரப்பர் போயிருச்சு, மூடும்போது முனகுது. இன்னிக்கே ஆளை வரச் சொல்லு."

"படுத்த படுக்கையிலயும் இந்த லிப்டுதான் உங்களுக்குப் பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கிப் போனாள். பாட்டு படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுந்தானே மாமா?"

அவர் சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சீட்டைப் பாத்தேன்."

"அடேங்கப்பா. அந்த டாக்டர் பாவம், மென்னு முழுங்கி, என் தோளைத் தட்டி, தண்ணி குடிச்சுன்னு எவ்வளவு நேரம் சொன்னாரு தெரியுமா? நீ ஸ்டூல்ல உக்காந்தபடியே முடிச்சுட்டே."

"அக்காகிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சீட்டைப் பிடுங்கிப் பாத்தா பாரு, அந்த மூஞ்சியை நீ பாக்கணும். கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு அப்படிச் சிரிச்சுக் காட்டல. அதுல போய் எப்படித் தண்ணி ஊத்தறது?" விரலால் போர்வையின் நூலை இழுத்தார். "இந்த வீட்டுல பாட்டுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாச்சு. கொஞ்ச நாள் பாடட்டுமேன்னு விட்டுட்டேன்."

"பாப்பா?"

"லீவுக்கு வருவா."

"மாமா..."

"டாக்டர் நாள் சொல்லல. நானும் கேக்கல."

"எனக்குப் போன் பண்ணினா. இப்பவே வரட்டுமா, லீவுக்கு வரட்டுமான்னு கேட்டா. உங்களைப் பாத்துட்டுச் சொல்றேன்னேன்."

"நல்லாருக்காருன்னு சொல்லு."

"என்னால முடியாது. நல்லாருக்காருன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "என்னை இப்படி அவ பாக்க வேணாம். அவ ஸ்கூல் பிள்ளைங்களுக்கு, எங்கப்பா இந்த ஊர் லிப்ட் எல்லாத்தையும் தூக்கிட்டு இருக்காருன்னு கதை சொல்லி வச்சிருக்கா."

வெளியே லிப்ட் வந்து நின்றது. கதவு முனகிக்கொண்டே மூடியது. சின்னவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழ அங்கே நேரம் இல்லை, அக்கா வந்துவிடுவாள்.

"மாமா, லிப்ட் கயித்துல ஒரு மாதிரி சத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"நிறுத்திட்டு, ஓடாதுன்னு போர்டு மாட்டுவேன்."

"மேல் வீட்டுக்காரங்க கத்துவாங்களே?"

"கத்தட்டும். திட்டட்டும். போர்டு மாட்டாம விட்டா, ஏறுறவன் என்னை நம்பியில்ல..."

பாதியில் நின்றுவிட்டார். அவருடைய கண் ஓரத்தில் கோடு போட்டதுபோல் ஈரம் இறங்கியது. அப்புறம் மெல்லச் சிரித்தார்.

"கெட்டிக்காரிடி நீ. என் ஸ்பேனரை எடுத்து என்னையே கழட்டுறே."

அக்கா செருப்பை வாசலில் உதறுகிற சத்தம் கேட்டது.

"சமையல்கட்டுக்குப் போ" என்றார் அவசரமாக. "குழாயைத் திறந்து விட்டுக்க. உங்கக்கா அழறது உனக்குக் கேக்க வேணாம்."

கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்து மறுபடி கழுவினாள் சின்னவள். அழுகைச் சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவே இல்லை. அவர் குரல் மட்டும் முணுமுணுவென்று கேட்டது. வெகு நேரம் கழித்துப் போனில் பேசினார். "பாப்பா, பெரிய டீச்சரம்மாகிட்ட லீவு சொல்லிட்டுக் கிளம்பி வாடா... இல்லடா, இப்ப நல்லாத்தான் பேசறேன்ல. பேசிக்கிட்டு இருக்கும்போதே வா."

அக்கா சமையல்கட்டுக்குள் வந்தாள். தங்கையைப் பார்க்காமல் குழாயை மூடினாள்.

"தண்ணி வீணாப் போகுது" என்றாள். அவ்வளவுதான்.

மகள் வந்து சேர்ந்தாள். அதன் பிறகு சின்னவள் இன்னும் சில தட்டுகள் போட்டாள். ஒவ்வொரு வாரமும் வலி மருந்தின் அளவு கொஞ்சம் ஏறியது, காலைக் குழியில் மாத்திரை குறைந்தது. ஒவ்வொரு தட்டையும் மருந்தாளர் அம்மா வந்து பார்த்தார். அந்த நாட்களில் மட்டும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தானே இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை எல்லாம் முடிந்துபோயிற்று.

ஈமக் காரியங்கள் எல்லாம் ஓய்ந்து, வந்தவர்கள் ஊருக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் அக்கா மருந்தகத்துக்கு வந்தாள். மிஞ்சின மருந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதிலும் அந்தப் பூட்டு அலமாரி மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. ஒரு சொட்டுச் சிந்தாமல் மூடி, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மருந்தாளர் அம்மாவும் சின்னவளும் சேர்ந்து அதை அளந்து, அழிக்க வேண்டிய கலத்தில் ஊற்றினார்கள். கடைசியாக அக்கா தட்டை எடுத்து வைத்தாள்.

கையுறையோடு அதைத் திருப்பினாள் சின்னவள். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு கிழிந்த தட்டு. அவளுக்கு அப்படி இல்லை. ஞாயிறு, திங்கள் குழிகளில் வெள்ளித்தாள் ஓரம் நறுக்கினாற்போல் நேராக வெட்டியிருந்தது. அக்கா எப்போதும் சின்னக் கத்தரிக்கோலால்தான் வெட்டுவாள். செவ்வாயிலிருந்து தாள் கோணல் மாணலாக, கட்டைவிரலால் குத்திக் கிழித்து, பிசிறு பிசிறாக நின்றது. அது அக்காவின் கை இல்லை.

"கடைசி ரெண்டு மூணு நாளு அவதான் குடுத்தா" என்றாள் அக்கா. "கத்தரிக்கோலை நீட்டினா வாங்கவே மாட்டேன்னுட்டா. அவரு வேற, 'உன் பொண்ணு கதவை உடைச்சுல்ல மாத்திரை எடுக்கறா'ன்னு கேலி பண்ணிக்கிட்டுக் கிடந்தாரு. வாயைத் திறக்க முடியாம ஆகறவரைக்கும் கேலிதான்."

வியாழன் காலைக் குழி கிழிந்திருந்தது. வியாழன் மதியமும் மாலையும் எப்போதும்போல் காலி. வியாழன் இரவுக் குழியில் இரண்டு மாத்திரை, அவள் போட்ட மாதிரியே, ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது.

சின்னவள் மீதிக் குழிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, மாத்திரைகளைக் கலத்தில் தள்ளினாள். அக்கா அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஆரஞ்சு கொண்டுவந்தேனே, அன்னிக்கு."

"ம்."

"அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியுங்க்கா."

"வாங்கித் தின்னே."

"தின்னேன்."

பில் போடுகிற பெண் தலை குனிந்துகொண்டாள். மருந்தாளர் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னவள் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தாள்.

"சொல்லக் கூடாதுன்னு சட்டம், எனக்குத் தெரியும். பாப்பா சொன்னா" என்றாள் அக்கா. "நீ வந்து அவரைப் பேச வச்சதாலதான் அவ அப்பன் மூஞ்சியைப் பாத்தா. அதுவும் தெரியும். எல்லாம் தெரியுது. ஆனா பாருடி, நான் கொட்டு மேளம் கொட்டின மாதிரி ஊருக்கெல்லாம் பழம் குடுத்துக்கிட்டு வந்திருக்கேன், நீ உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கே. இனிமே நீ என்னைப் பாத்துச் சிரிச்சா, நான் எதைன்னு நம்பறது?"

சின்னவள் காலித் தட்டை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த அவர் பெயரை மெதுவாக உரித்தாள். அதைத் தனியாகத்தான் கிழித்துப் போட வேண்டும், அது விதி. உரித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அக்கா துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள். வாசல் வரைக்கும் போனாள். காவல்காரர் எழுந்து கும்பிட்டார். கதவில் கை வைத்தவள் திரும்பினாள்.

"எப்ப வேலை முடியும்?"

"அஞ்சு மணி ஆகுங்க்கா."

"இருக்கேன். அந்த வீட்டுக்குத் தனியாப் போக முடியல. பாப்பாவும் ஊருக்குப் போயிட்டா."

காத்திருக்கிறவர்களுக்குப் போட்டிருக்கிற பெஞ்சில், சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே, பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தாள். சின்னவள் கையுறையை மாற்றிக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, யாரோ ஒருவருடைய நிறைந்த தட்டை மேசைக்கு இழுத்தாள். ஒரு குழி போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அக்கா அங்கேதான் இருந்தாள். குனிந்தாள். இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.